தேரிக்காட்டார் சங்கத்துக் கல் அலமாரி

சிறுநீரகக் கல்லுக்கு எந்தச் சிகிச்சை மலிவு, எது நல்ல பலன் தரும் என்று உலகத்து டாக்டர்களெல்லாம் கூடிக் கூடிப் பேசி, கட்டுரை மேல் கட்டுரை எழுதி, இன்னும் ஒரு முடிவுக்கு வராமல் திணறிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பாவம்தான். அவர்களில் ஒருவராவது தாராவிக்கு வந்து, தோல் பட்டறைச் சந்துக்குள் நுழைந்து, 'தேரிக்காட்டார் நலச் சங்க'த்தின் இரும்பு ஏணியில் ஏறியிருந்தால் இத்தனை காகிதம் வீணாகியிருக்காது. அந்த மாடி அறையில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்து ரொம்ப நாளாகிறது. அதுவும் ஒரே கூட்டத்தில், சுண்டல் ஆறுவதற்குள்.

அந்த விடைக்குத் தன் உடம்பையே தந்து உதவியவர் பூலோகம்.

பூலோகம் தோல் பெல்ட் வெட்டுகிறவர். கீழே பட்டறை, மேலே வீடு. தெற்கே தேரிக்காட்டிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர்களின் அந்தச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர். கூட்டத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கை தூக்குவதில் அவருக்கு நிகர் அவர்தான். தலைவர் "ஆதரிக்கிறவங்க" என்று தொடங்குமுன்பே அவர் கை கூரை மின்விசிறியைத் தொடும். ஒருமுறை, கூட்டத்தில் தூங்கியதற்காக அவரையே கண்டித்து வந்த தீர்மானத்துக்கும் எழுந்து உட்கார்ந்து கை தூக்கியவர். இப்படி ஓர் உறுப்பினர் கிடைக்க எந்தச் சங்கமும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அந்தப் பூலோகம் ஒரு நாள் காலையில், வெட்டிக்கொண்டிருந்த தோலின் மேலேயே சுருண்டு விழுந்தார். வலது விலாவிலிருந்து இறங்கிய வலி அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. "எம்மா" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறை மெஷின்கள் நின்றுபோயின. மனைவி இசக்கிசெல்வி வாசலில் போன டாக்ஸியை மறித்து, அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

அங்கே டாக்டர் பத்மஜா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர்; அதிகம் பேசமாட்டார். ஊசி போட்டு வலியை அடக்கி, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாருங்கோ, ஒன்பது மில்லிமீட்டர் கல். கிட்னியிலிருந்து இறங்கற குழாய்ல வந்து அடைச்சுண்டிருக்கு. யூரின் கீழ இறங்க வழியில்லாம கிட்னி வீங்க ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வழி இருக்கு. வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துக் கல்லை உடைக்கறது ஒண்ணு. செலவு கம்மி, ஆனா சில பேருக்கு ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டியிருக்கும். இன்னொண்ணு, யூரின் போற வழியாவே மெல்லிசான குழாயை விட்டு லேசர்ல உடைக்கறது. செலவு கூட, ஆனா பெரும்பாலும் ஒரே தடவையில முடிஞ்சுடும்."

"இதுல எது மேடம் நல்லது?" என்றாள் இசக்கிசெல்வி.

"எதை சீக்கிரம் பண்ணிக்கறீங்களோ அதுதான் நல்லது. ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளாதீங்கோ. இன்னொண்ணும் சொல்லிடறேன். நடுவுல வலி தானா நின்னு போகலாம். நின்னா சரியாயிடுத்துன்னு நினைக்காதீங்கோ. கல் அங்கேயேதான் இருக்கும். கிட்னி சத்தமே போடாம செத்துப்போகும்."

இசக்கிசெல்வி அன்றைக்கே அட்மிட் செய்யச் சொன்னாள். பூலோகம்தான் கையைப் பிசைந்தார்.

"சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வந்துருதேன் மேடம்."

"எந்தச் சங்கம்? டாக்டர்கள் சங்கமா?"

"இல்ல மேடம். எங்க ஊர்ச் சங்கம்."

டாக்டர் பத்மஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். படித்தவர்களுக்குச் சில நிறுவனங்களின் அருமை உடனே புரிவதில்லை.

அருமை என்னவென்றால், சங்கத்தில் 'கல் சிகிச்சை ஒப்பாய்வுத் துணைக்குழு' என்று ஒன்று உண்டு. அதன் ஒப்புதல் இருந்தால்தான் மருத்துவ நிதி கிடைக்கும். நிதி வேண்டாம் என்று தானாகப் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பார்க்க மட்டும் வரமாட்டார்கள். பம்பாயில் ஊர்க்காரன் எட்டிப் பார்க்காமல் ஆஸ்பத்திரியில் கிடப்பதை நினைத்துப் பார்க்கவே பூலோகத்தால் முடியவில்லை. கல் வலி அதற்கு எவ்வளவோ பரவாயில்லை.

துணைக்குழுவின் மூலதனம் ஒரு கண்ணாடி அலமாரி. முன்பு அதில் சங்கத்துக் கபடிக் குழு வென்ற கோப்பைகள் இருந்தன. இப்போது உறுப்பினர்களின் கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாட்டிலில். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு: பெயர், எடை, எடுத்தவர். உச்சித்தட்டில் தனியாக, வெல்வெட் துணி மேல், தலைவர் பேச்சிராஜாவின் கல். நெல்லிக்காய் அளவு. அந்தக் காலத்தில் விலாவை நீளமாகக் கிழித்து முழுசாக எடுத்தது. நகைக்கடையில் வைத்தால்கூட இரண்டு பேர் விலை கேட்பார்கள்.

பேச்சிராஜா பழைய பிளாஸ்டிக் வியாபாரி. குடோனில் வாளி, குடம், நாற்காலி எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும். எதையும் தராசில் போடாமல் அவர் நம்பியதில்லை. அவருடைய வாழ்க்கைத் தத்துவம் ஒன்றே ஒன்று: ரூபாய் கொடுத்தால் கையில் மால், அதாவது சரக்கு, வரவேண்டும். தாராவியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை துணைக்குழு கூடியது. செயலாளர் மாரிசெல்வம், ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர், சுவர் டிவியில் கம்ப்யூட்டரை மாட்டி இரண்டு கட்டங்கள் போட்டார். ஒன்று 'செலவு'. இன்னொன்று 'பலன்'. அமெரிக்காவில்கூட இதே இரண்டு கட்டம்தான் போடுகிறார்கள் என்று அறிவித்தார். கை தட்டினார்கள்.

முதல் சாட்சி ஜெயினுலாப்தீன். சட்டை தைக்கும் பட்டறைக்காரர். போன வருஷம் வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துக் கல்லை உடைத்துக்கொண்டவர்.

"ஒரு மணி நேரம் படுக்க வச்சாங்க. டக்கு டக்குன்னு சத்தம். சாயங்காலமே வீட்டுக்குப் போன்னுட்டாங்க. கல்லெல்லாம் தூளாயிட்டு. அன்னைக்குப் போன வலிதான், இன்னும் வரல."

"அது கெடக்கட்டும். மால் எங்க?" என்றார் பேச்சிராஜா.

"எந்த மால் அண்ணாச்சி?"

"உடைச்ச மால்வே. ரூவா குடுத்தீருல்லா? கையில என்ன தந்தான்?"

"கையில ஒண்ணும் தரல. அது ஒண்ணுக்கோட போயிட்டு. டாக்டர் சொன்னாருன்னு டீ வடிகட்டி வச்சுப் பிடிச்சுப் பாத்தேன். இவ்வளவுதான் தேறுச்சு." அவர் காட்டிய சின்னக் குப்பியின் அடியில் ஒரு சிட்டிகைத் தூள் இருந்தது. வாங்கின பொடி டப்பாவில் பாதி காலி என்றால் கடைக்காரனைச் சும்மா விடுவோமா? அறை முழுக்க 'உச்' கொட்டியது. ஜெயினுலாப்தீன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாரிசெல்வம் 'பலன்' கட்டத்தில் எழுதினார்: தூள். அதுவும் சாக்கடையில்.

இரண்டாவது சாட்சி மாரிசெல்வமே. லேசர் வைத்தவர்.

"எனக்கும் தூள்தான் அண்ணாச்சி. ஆனா உள்ள ஒரு குழாய் வச்சு விட்டாங்க. இம்புட்டு நீளம்."

தலைவர் முகம் மலர்ந்தது. "பரவால்லயே. அதை எங்க?"

"ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துட்டாங்க."

"குடுத்த மாலைத் திரும்ப வாங்கிட்டானா? அதுக்கும் நீரு ரூவா குடுத்தீரா?"

"குடுத்தேன்."

"செயலாளரா இருந்துக்கிட்டு வெளிய சொல்லாதியும்" என்றார் தலைவர்.

மூன்றாவது, பொருளாளர் தனசீலன். அவருக்குப் பெரிய கல். முதுகில் சின்னத் துளை போட்டு, உள்ளேயே நொறுக்கி, துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். செலவு அதிகம். மூன்று நாள் படுக்கை. அவர் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். கல்கண்டு போல் கலகலவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் கூட்டம் சொக்கிப்போயிற்று.

"இதுதான்வே வைத்தியம்" என்றார் பேச்சிராஜா. "குடுத்த ரூவாய்க்கு மால் பேசுதுல்லா."

முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. துளை போடும் முறைக்கே முதலிடம். அப்போது தனசீலன் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"அது பெரிய கல்லுக்குத்தான் போடுவாங்க அண்ணாச்சி. பூலோகத்துக்குக் குழாய்ல இருக்கது சின்னது. வேர்க்கடலை பருப்பு அளவுகூட இருக்காது."

இந்த இடத்தில் சாதாரண ஆளாக இருந்தால் குழம்பியிருப்பான். பேச்சிராஜா குழம்பவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தீர்மானம் சொன்னார். மாரிசெல்வம் எழுதிக்கொண்டார்: 'உறுப்பினர் பூலோகத்தின் கல், துளையிடும் சிகிச்சைக்குரிய வளர்ச்சியை அடையும்வரை பொறுத்திருப்பது எனவும், வளர்ச்சியைத் துணைக்குழு கண்காணிப்பது எனவும், அதுவரை வேறு சிகிச்சைக்கு நிதி வழங்குவதில்லை எனவும் தீர்மானிக்கப்படுகிறது.'

"ஆதரிக்கிறவங்க."

முதலில் உயர்ந்த கை பூலோகத்தின் கை. டாக்டர் சொன்ன ரெண்டு வாரம் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் பேசவேண்டும். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார்.

விஷயம் கேட்டு இசக்கிசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்லு என்ன கோழிக்குஞ்சா, வளத்து அறுக்கதுக்கு? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா இல்லையா?"

"எல்லாரும் சேந்து சொல்லும்போது நான் மட்டும் எப்படிட்டீ மாட்டேன்னு சொல்ல முடியும்?"

"எல்லாரும் சேந்தா உங்க கிட்னியில வலிக்கு?"

சங்கத்தில் மகளிர் அணி இருக்கிறது. பொங்கலன்று கோலம் போடுவதற்கு மட்டும் அதற்கு அதிகாரம். ஆகவே அவள் நேராகப் பேச்சிராஜாவின் குடோனுக்கே போனாள். அவர் உடைந்த நாற்காலிகளை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளுனா கிட்னி செத்துப்போவும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க."

"அப்படித்தான்மா சொல்லுவாங்க. ஜல்தி ஜல்தின்னு அவசரப்படுத்துதவன்கிட்ட நான் ஒரு கிலோ மால்கூட வாங்கினதில்ல. நாளாக ஆகக் கல்லு எடை கூடும். ரூவா குடுக்கதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். நீ அவனை நல்லா சாப்பிடச் சொல்லு."

அதன்பிறகு பூலோகத்தின் மதிப்பு ஒரேயடியாக உயர்ந்தது. வாழ்நாளில் அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூடச் சந்தில் நிறுத்தி, "கல்லு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லைக் கேட்டால் அவரைக் கேட்டமாதிரிதானே. பசலைக்கீரையும் தக்காளியும் கல்லுக்கு நல்லது என்று எவரோ சொல்ல, மாஹிம் மார்க்கெட்டிலிருந்து கூடைகூடையாக வந்து இறங்கியது. "தண்ணியைக் கொஞ்சம் கொறச்சுக்கிடும்" என்றார் மாரிசெல்வம், கண்காணிப்பு அதிகாரி என்ற முறையில். இசக்கிசெல்வி கீரைக்கட்டைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். அவர் கையில் சொம்பைத் திணித்து, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். பூலோகத்துக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக அவரிடம் ஊருக்கு வேண்டியது ஒன்று இருந்தது.

மூன்றாம் வாரம் வலி நின்றுபோயிற்று.

சுவிட்சைத் தட்டியதுபோல் நின்றது. துணைக்குழு அவசரமாகக் கூடி, 'செலவு: இல்லை. பலன்: வலி நீக்கம்' என்று பதிவுசெய்து தன்னைத் தானே பாராட்டிக்கொண்டது. பூலோகம் அதற்கும் கை தூக்கினார். உண்மையாகவே சந்தோஷமாகத் தூக்கினார். வலி போன மனுஷனுக்கு உலகமே சரியாக நடக்கிறது என்றுதான் தோன்றும்.

இசக்கிசெல்விக்கு மட்டும் தூக்கம் போனது. "டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கா? நின்னா சரியாயிட்டுன்னு நினைக்காதீயன்னு சொன்னாங்கல்லா? எனக்குப் பயமா இருக்குங்க. எனக்காகவாவது ஒருதரம் வந்து காட்டுங்க."

"அடுத்த கூட்டம் முடியட்டும்ட்டீ."

அடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. ஒரு மாதம் தலைவர் ஊருக்கு, அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் கிரிக்கெட் இறுதிப் போட்டி. டிவியில் கட்டம் போட முடியாது. அதற்கடுத்து மழை பிடித்துக்கொண்டு ஏணியில் யாரும் ஏறவில்லை. உரிய எண்ணிக்கையில் உறுப்பினர்கள் இல்லாமல் ஒரு சிறுநீரகத்தைப் பற்றி முடிவெடுப்பது முறையாகாது என்பதில் சங்கம் கறாராக இருந்தது.

கடைசியில் காய்ச்சல் வந்தது. நடுங்கி நடுங்கிப் பட்டறையில் உட்கார்ந்திருந்தவரை இசக்கிசெல்வி கையைப் பிடித்து எழுப்பினாள். "எந்திரிங்க. வரலேன்னா இன்னைக்கு நான் தனியா ஊருக்கு ரயிலேறிருவேன்." அவர் எழுந்தார். கண்காணிப்பு அதிகாரி மாரிசெல்வமும் டாக்ஸியில் ஏறிக்கொண்டார்.

டாக்டர் பத்மஜா ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கல் வளந்துருக்கா மேடம்?" என்றார் மாரிசெல்வம்.

"இல்லை. அதே ஒன்பது மில்லிமீட்டர். அதே இடம்." அவர் பூலோகத்தைப் பார்த்தார். "வலது கிட்னி வெறும் பையா ஆயிடுத்து. உள்ள சீழ். இன்னும் வேற டெஸ்ட் எல்லாம் பார்க்கறேன். ஆனா அது இனிமே வேலை செய்யாது. சீழை வடிச்சுட்டு, அதை எடுத்துடணும். இல்லைன்னா உங்களையே கொண்டுபோயிடும்."

பூலோகம் கையை வலது விலாவில் வைத்துக்கொண்டார். அங்கே ஒரு வலியும் இல்லை. இருந்தால் தேவலை என்று இருந்தது. வலித்த நாட்களில் அது உயிரோடு இருந்தது என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இசக்கிசெல்வி அழவில்லை. புடவைத் தலைப்பால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஒரு துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அது வழியாக எடுத்தார்கள். 'அதிநவீன முறை' என்று சங்கத்து வாட்ஸ்அப்பில் செய்தி போயிற்று. எடுத்ததை மருந்துத் தண்ணீர் ஊற்றிய பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கூட வந்தவர் கையில் கொடுத்தார்கள். அது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். கூட வந்தவர் மாரிசெல்வம். பாட்டிலை அவர் இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். சங்க வரலாற்றில் இவ்வளவு மால் ஒருவர் கையிலும் வந்ததில்லை.

பரிசோதனை முடிந்ததும் சங்கத்து லெட்டர்பேடில் எழுதிக் கேட்டு, மிச்சத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்.

பூலோகம் நடக்கத் தொடங்கிய பிறகு பாராட்டு விழா. ஏணியில் அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். இசக்கிசெல்வியும் ஏறினாள், மகளிர் அணிக்கு அனுமதி உண்டா என்று கேட்க யாருக்கும் அன்றைக்குத் தைரியம் வரவில்லை. பேச்சிராஜா பொன்னாடை போர்த்தினார். பாட்டில் மேஜைமேல் இருந்தது. குடோனிலிருந்து கொண்டுவந்த எலெக்ட்ரானிக் தராசில் ஏற்கனவே நிறுத்தாகிவிட்டது.

"ஒப்பாய்வின் இறுதி முடிவு" என்று மாரிசெல்வம் வாசித்தார். "மொத்தச் செலவு எல்லாரையும்விட ஜாஸ்தி. ஆனா கிராமுக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாத்தா, எல்லாரையும்விடக் கம்மி. அதோட, இனிமே அந்தப் பக்கம் கல் வர வாய்ப்பே இல்ல. ஆகவே பலன், நூறு சதவிகிதம்."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. பேச்சிராஜா எழுந்து அலமாரியைத் திறந்தார். உச்சித்தட்டிலிருந்த தன் நெல்லிக்காயைத் தானே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வெல்வெட் மேல் பாட்டிலை வைத்தார்கள்.

பூலோகம் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குள், தண்ணீருக்குள், வெளுத்துத் தொய்ந்துபோய் மிதந்தது. தன்னுடையது. அவருக்கு அதைப் போர்த்தி மூடவேண்டும் போல் இருந்தது. தோளில் இருந்த பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தார்.

மாரிசெல்வம் சீட்டு எழுத உட்கார்ந்தார். பெயர்: பூலோகம். பொருள்: வலது கிட்னி, கல்லுடன். எடை எழுதினார். 'எடுத்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"அக்கா, எடுத்தது பத்மஜா டாக்டரா, வேற டாக்டரா?"

இசக்கிசெல்வி எழுந்தாள்.

"டாக்டரு செத்ததத்தான் வெளிய எடுத்துப் போட்டாரு. உசுரோட இருந்தத எடுத்தது நீங்கல்லா. எல்லாரும் கை தூக்கித்தான எடுத்திய? உங்க பேரை எழுதுங்க."

ஜெயினுலாப்தீன் தன் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பேச்சிராஜா தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி சொல்லுததும் நியாயந்தான்வே. இம்புட்டு நாள் பாடுபட்டது நாம. பேரு மட்டும் டாக்டருக்கா? 'எடுத்தவர்: துணைக்குழு'ன்னு போடும்."

யார் பெயர் முதலில் வருவது என்பதில் தனசீலனுக்கும் மாரிசெல்வத்துக்கும் சிறு தகராறு வந்து, அதுவும் சுமுகமாகத் தீர்ந்தது. தலைவர் தீர்மானத்தைக் கூட்டத்தின் முன் வைத்தார்.

"ஆதரிக்கிறவங்க."

பழக்கத்தில் எல்லாரும் பூலோகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் மடியில், இசக்கிசெல்வியின் கைக்குள் இருந்தன. தலைவர் மறுபடி கேட்டார். அவை அசையவில்லை.

மாரிசெல்வம் கூட்டக் குறிப்பை முடித்தார்: 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உறுப்பினர் பூலோகம், தையல் வலி காரணமாகக் கை தூக்க இயலாத நிலையில், தூக்கியதாகவே கொள்ளப்பட்டது.'